பாறையும் கருவறையும்: ஸ்டெல்லா கிராம்ரிஷின் கோயிற்கலைக் கோட்பாடும் மாமல்லைக் கடற்கரைச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கோயிற்கலையைத் தத்துவப் பொருளோடு இணைத்து விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் (1896–1993). ஜெர்மன் மொழிச் சூழலில் பிறந்து, வியன்னாவில் பயின்று, கல்கத்தாவில் கால் நூற்றாண்டு கற்பித்து, பிலடெல்பியாவில் மறைந்த இவருடைய கோட்பாடு, வடமொழி வாஸ்து நூல்களையும் வேதச் சடங்குகளையும் அடித்தளமாகக் கொண்டது. அக்கோட்பாட்டைச் செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியின் பெருங்கற்படைச் சின்னங்கள், ஒற்றைக்கல் தளிகள், பாறைச் சிற்பம், செங்கற்கோயில் ஆகிய சான்றுகளோடு வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கோயிலின் தோற்றம் பற்றிய அவருடைய கருதுகோள்களுள் குடில் பற்றியது தமிழ்ச் சான்றுகளால் வலுப்பெறுகிறது என்பதும், கல்திட்டை பற்றியது வலுவிழக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. பொருளின் வரிசையையும் பணியின் வரிசையையும் பிரித்தறிவதே அவரைப் பயனுடன் வாசிக்கும் வழி என்பது இக்கட்டுரையின் முடிபு.

குறிச்சொற்கள்: ஸ்டெல்லா கிராம்ரிஷ், மாமல்லபுரம், பல்லவர் கலை, ஒற்றைக்கல் தளி, கருவறை, பெருங்கற்படைச் சின்னங்கள், கலைவரலாற்று முறையியல்

1. முன்னுரை

மாமல்லபுரம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே வினாவைச் சுற்றி அமைந்துள்ளது. இவற்றைச் செய்வித்தவர் யார் என்பதே அவ்வினா. முதலாம் மகேந்திரவர்மன், மாமல்லன் எனப்பெறும் முதலாம் நரசிம்மவர்மன், முதலாம் பரமேசுவரவர்மன், இராசசிம்மன் எனப்பெறும் இரண்டாம் நரசிம்மவர்மன் ஆகியோருக்குக் குடைவரைகளையும் தளிகளையும் பகிர்ந்தளிக்கும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. ழூவோ துப்ராய், லாங்ஹர்ஸ்ட், கே. ஆர். சீனிவாசன் ஆகியோர் பாணி வளர்ச்சியையும் கல்வெட்டுகளையும் கொண்டு ஒரு வரிசையை வகுத்தனர். 1962இல் இரா. நாகசாமி, ‘அத்யந்தகாமன்’ என்னும் பட்டப்பெயர் இராசசிம்மனுக்கு உரியது என வாதிட்டு, இங்குள்ள படைப்புகள் அனைத்தும் அவன் ஒருவனுடையவை என்னும் கருத்தை முன்வைத்தார். அவ்விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை.

இவ்விவாதத்தின் பயனை மறுக்க இயலாது. ஆயினும், செய்வித்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை கிடைத்த பின்னரும், இக்கல் ஏன் இவ்வடிவம் கொண்டது, இவ்வடிவம் காண்பவர்க்கு எதை உணர்த்தியது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கும். இந்த இரண்டாம் வகை வினாக்களையே தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். தமிழகக் கோயிற்கலை ஆய்வேடுகளில் அவர் பெயர் பெரும்பாலும் மேற்கோளாக மட்டும் இடம்பெறுகிறது. ‘கோயில் என்பது மலை, கருவறை என்பது குகை’ என்னும் பொருள்படும் அவர் கருத்து, சான்று தேவைப்படாத பொது உண்மைபோல எடுத்தாளப்படுகிறது. தமிழ்நிலத்துச் சான்றுகளின் முன் அக்கருத்து எவ்வளவு தூரம் நிற்கும் என்னும் சோதனை அரிதாகவே நிகழ்ந்துள்ளது. அச்சோதனையை மேற்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வாழ்வும் பணியும்

கிராம்ரிஷ் 1896ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மொராவியாவிலுள்ள நிக்கோல்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்குள் அடங்கியிருந்த அந்நகர் இன்று செக் குடியரசில் மிக்குலோவ் என வழங்குகிறது. அவருடைய தொடக்க கால எழுத்துகள் ஜெர்மன் மொழியில் அமைந்தமையால் அவரை ஜெர்மானியர் எனக் குறிப்பிடுவோர் உளர். ஜெர்மன் மொழி பேசிய ஆஸ்திரிய நிலப்பகுதியினர் என்பதே பொருத்தமான குறிப்பாகும். இளமையில் நடனப் பயிற்சி பெற்றார். பகவத்கீதையின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வாசித்தமை அவரை இந்தியாவின்பால் ஈர்த்தது.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் த்வொர்ஷாக், யோசஃப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி ஆகியோரிடம் கலைவரலாறு பயின்று, தொடக்க காலப் பௌத்தச் சிற்பங்கள் பற்றிய ஆய்வுக்காக 1919இல் முனைவர் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் அவர் ஆற்றிய உரைகளைக் கேட்ட இரவீந்திரநாத் தாகூர் அவரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். 1920களின் தொடக்கத்தில் அங்குள்ள கலாபவனில் ஐரோப்பியக் கலைவரலாற்றையும் இந்தியக் கலையையும் கற்பித்தார். 1922ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் நடைபெற்ற பௌஹவுஸ் ஓவியக் கண்காட்சி அமைவதற்கு அவருடைய தொடர்புகள் துணைநின்றன. பழமையான கலையை ஆராய்ந்தவர் தம் காலத்து நவீன ஓவிய இயக்கத்தையும் நன்கறிந்திருந்தார் என்பது அவர் கோட்பாட்டை விளங்கிக்கொள்ள இன்றியமையாத செய்தியாகும். உருவத்தைப் புறவுலகின் நகலாகக் கொள்ளாமல், கோடு, திரட்சி, இயக்கம் என்னும் கூறுகளின் வெளிப்பாடாகக் காணும் பார்வை அவருக்கு அங்கிருந்தும் கிடைத்தது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1924 முதல் 1950 வரை பணியாற்றினார். ஓவிய இலக்கணம் கூறும் விஷ்ணுதர்மோத்தரத்தின் பகுதியை 1924இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1933இல் இந்தியச் சிற்பம் பற்றிய நூலும், 1937இல் தக்காண ஓவியங்கள் பற்றிய நூலும், 1946இல் ‘இந்துக் கோயில்’ என்னும் இரு தொகுதிகளும் வெளிவந்தன. 1933 முதல் அபனீந்திரநாத் தாகூருடன் இணைந்து இந்தியக் கீழைக்கலைக் கழகத்தின் ஆய்விதழைப் பதிப்பித்தார். 1950இல் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், பின்னர்ப் பிலடெல்பியாக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பிரிவின் காப்பாட்சியராகவும் விளங்கினார். மதுரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தூண் மண்டபம் ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழகக் கற்பணியோடு அவருடைய பிற்கால அன்றாடப் பணி இவ்வாறு தொடர்புற்றது. 1981இல் ‘சிவனின் இருப்பு’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1982இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1993 ஆகஸ்ட் 31 அன்று மறைந்தார்.

3. கோட்பாட்டின் அடிப்படைகள்

கிராம்ரிஷின் கோட்பாட்டை மூன்று கூறுகளாகத் தொகுக்கலாம். முதலாவது, கோயில் ஒரு கட்டடம் மட்டுமன்று, அது இறைமையின் உடல் என்பது. தரையில் வரையப்படும் வாஸ்துபுருஷ மண்டலம் அவ்வுடலின் வரைவு. அதன்மேல் எழும் சுவரும் சிகரமும் அதன் வளர்ச்சி. இரண்டாவது, கருவறையே மூலம் என்பது. இருளும் எளிமையும் நிறைந்த கருவறையிலிருந்து ஆற்றல் நாற்றிசையிலும் மேல்நோக்கியும் விரிகிறது. புறச்சுவரின் மாடங்களிலுள்ள தெய்வ வடிவங்கள் அவ்விரிவின் புலப்பாடுகள். மூன்றாவது, இந்திய உருவக்கலையில் வடிவங்கள் பின்னோக்கி ஆழத்துக்குள் செல்வதில்லை, உள்ளிருந்து காண்பவரை நோக்கி வெளிவருகின்றன என்பது. அஜந்தா ஓவியங்களை ஆராய்ந்தபோது அவர் இந்த மூன்றாம் கருத்தை விரிவாக வளர்த்தெடுத்தார்.

இவற்றுக்கு அவர் கொண்ட சான்றுகள் பெரும்பாலும் நூற்சான்றுகள். வேத, பிராமண நூல்கள், பிருகத்சம்ஹிதை, புராணங்கள், மயமதம், சமராங்கணசூத்திரதாரம், ஈசானசிவகுருதேவபத்ததி முதலியவை அவருடைய விளக்கத்தைத் தாங்கி நிற்கின்றன. ‘இந்துக் கோயில்’ நூலுக்கு ரேமண்ட் பர்னியர் எடுத்த நிழற்படங்களில் பெரும்பகுதி வட இந்திய, நடு இந்தியக் கோயில்களைச் சார்ந்தவை. ஆகவே, தமிழகக் கோயில்களுக்கு இக்கோட்பாட்டைப் பொருத்தும்போது இரு இடைவெளிகளைக் கடக்க வேண்டியுள்ளது. ஒன்று நூலுக்கும் கட்டடத்துக்கும் இடைப்பட்டது. மற்றொன்று நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்டது.

இக்கோட்பாடு எழுந்த சூழலையும் கருத வேண்டும். அவர் கல்கத்தா வந்த காலத்தில், இந்தியச் சிற்பத்தைக் கிரேக்க அளவுகோலால் அளந்து குறைகூறும் போக்கு ஐரோப்பியக் கல்வியுலகில் வலுவாக இருந்தது. அப்போக்குக்கு எதிராக ஹாவெலும் ஆனந்த குமாரசாமியும் தொடங்கிய பணியைக் கிராம்ரிஷ் வடிவ ஆய்வின் துணையோடு முன்னெடுத்தார். இந்தியக் கலையை அதன் சொந்த நூல்மரபைக் கொண்டே விளக்க வேண்டும் என்னும் நிலைப்பாடு அன்றைய தேவை. அந்த நூல்மரபு வடமொழி மரபு மட்டுமே எனக் கொண்டது அதன் எல்லை.

4. கல்திட்டையும் குடிலும்

கோயிலின் தோற்றம் பற்றி ஆராயும்போது கிராம்ரிஷ் மூன்று மூலங்களைச் சுட்டுகிறார். வேள்வி மேடை, கல்திட்டை, மரக்கொம்புகளையோ மூங்கிலையோ வளைத்து அமைத்த குடில் என்பன அவை. இவற்றுள் வேள்வி மேடை சடங்கு நூல்களைச் சார்ந்தது. ஏனைய இரண்டையும் செங்கல்பட்டுப் பகுதியின் களச்சான்றுகளைக் கொண்டு சோதிக்க இயலும்.

செங்கல்பட்டு வட்டாரம் பெருங்கற்படைச் சின்னங்கள் செறிந்த நிலம். கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், கல்திட்டைகள் ஆகியவை பாறைக்குன்றுகளின் அடிவாரங்களிலும் ஏரிக்கரைகளை அடுத்தும் மிகுதியாகக் காணப்படுகின்றன. சானூரில் இந்தியத் தொல்லியல் துறை 1950களின் தொடக்கத்தில் அகழாய்வு நிகழ்த்தியது. நிறுத்திய பலகைக் கற்களின்மேல் ஒரு மூடுகல்லை ஏற்றி அமைத்த கல்திட்டையின் சிறு அறையைப் பார்க்கும் ஒருவருக்கு, தட்டையான கூரையுடைய தொடக்க காலக் கருவறை நினைவுக்கு வருதல் இயல்பே. கிராம்ரிஷ் இந்த வடிவ ஒப்புமையைத் தோற்ற உறவாகக் கொண்டார்.

‘இந்துக் கோயில்’ வெளிவந்த அதே 1946ஆம் ஆண்டில், தென்னிந்தியப் பெருங்கற்படைச் சின்னங்களைத் தமிழ் இலக்கிய மரபோடு இணைத்து ஆராய்ந்த கே. ஆர். சீனிவாசனின் கட்டுரை தொல்லியல் துறையின் ‘பண்டைய இந்தியா’ இதழில் வெளிவந்தது. ஈமச் சின்னங்களைப் பற்றிய சங்க இலக்கியக் குறிப்புகளை அது களச்சான்றுகளோடு பொருத்திக் காட்டியது. பின்னர்ப் பல்லவர் குடைவரைகள் பற்றிய தம் நூலில் (1964) சீனிவாசன் இவ்வாய்வின் தொடர்ச்சியாக ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழ்நிலத்தில் கல் என்பது நடுகல்லோடும் ஈமச் சின்னத்தோடும் தொடர்புற்றிருந்தமையால், தெய்வ வழிபாட்டுக்குரிய கட்டடங்களில் அது நெடுங்காலம் தவிர்க்கப்பட்டது என்பதே அது. மகேந்திரவர்மன் குடைவரை அமைத்தது இம்மரபை மீறிய செயல் என அவர் கருதினார்.

இவ்விரு கருத்துகளும் ஒரே பொருளைப் பற்றி எதிர்நிலையில் நிற்கின்றன. கிராம்ரிஷுக்குக் கல்திட்டை கருவறையின் மூலவடிவம். சீனிவாசனுக்கோ அது கற்கோயில் எழுவதைத் தாமதப்படுத்திய தடை. கிடைக்கும் சான்றுகள் கிராம்ரிஷின் கருத்துக்கு ஆதரவாக இல்லை. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இல்லாமல் நான்முகன், சிவன், திருமால் ஆகியோர்க்குத் தளி அமைத்ததாகக் கூறுகிறான். இல்லாதவை எனப் பட்டியலிடப்படும் பொருள்களே அதுவரையிலான கோயில்களின் இயல்பான கட்டுமானப் பொருள்கள் என்பது இதனால் பெறப்படும். செங்கற்சுவரும் மரவிட்டமும் கொண்டிருந்து பாழ்பட்ட தெய்வ இடத்தை அகநானூறும் காட்டுகிறது.

மாமல்லைக் கடற்கரையே இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றை வழங்கியுள்ளது. 2004 டிசம்பரில் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுடைய பாறைப்பகுதி வெளிப்பட்டது. 2005இல் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு தொடங்கி, மணலுக்கடியில் புதைந்திருந்த முருகன் கோயிலைக் கண்டறிந்தது. அங்குக் கருங்கல் கட்டுமானத்துக்கு முற்பட்டதாகச் செங்கற் கட்டுமானம் அமைந்திருந்தது. அதன் காலத்தை எவ்வளவு முன்னே கொண்டுசெல்லலாம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் செங்கல் முன்னது, கல் பின்னது என்னும் அடுக்கு வரிசை தெளிவானது. கல்திட்டைக்கும் கருவறைக்கும் இடையே நிற்பது செங்கற்கோயில். எனவே அவ்விரண்டின் ஒப்புமையை மரபுத்தொடர்ச்சி எனக் கொள்ள இயலாது.

குடில் பற்றிய கருதுகோளின் நிலை வேறு. ஐந்து ரதங்கள் எனப்படும் தொகுதியில் வடகோடியில் நிற்கும் திரௌபதி ரதம், நாற்புறமும் வளைந்து இறங்கும் கூரையுடைய குடிலைக் கல்லில் அப்படியே வடித்திருப்பது. தளவரிசையோ சாலை, கூட முதலிய உறுப்புகளோ இதில் இல்லை. உள்ளே கொற்றவையின் நின்ற கோலமும், அவள் முன் தன் தலையைத் தானே அரிந்து பலியிட முனையும் அடியவர் உருவமும் உள்ளன. மரத்தாலும் ஓலையாலும் ஆன வழிபாட்டுக் குடில் ஒன்று பல்லவர் காலத்தில் வழக்கில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கட்டடச் சான்று இல்லை.

இதனோடு ஒரு தமிழ்ச் சான்றையும் சேர்த்துக் காணலாம். மகேந்திரவர்மனின் காலத்தவராகக் கருதப்படும் திருநாவுக்கரசர் தம் அடைவுத் திருத்தாண்டகத்தில் பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் எனக் கோயில்களை வகைப்படுத்திக் கூறுகிறார். இவை கட்டட வகைகளைக் குறிப்பனவா, இடத்தையும் மரத்தையும் சார்ந்த பெயர்களா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ (1956) நூலில் இவற்றைக் கட்டட வகைகளாக விளக்க முயன்றார். எவ்வாறாயினும் ஞாழல், கொகுடி, ஆல் என்னும் பெயர்கள் செடிகொடி மரங்களின் பெயர்கள். இவற்றுள் ஆலக்கோயில் என்னும் பெயர் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கச்சூரில் இன்றும் வழங்குகிறது. மரத்தடி வழிபாட்டிடமும் மரக்குடிலும் கோயிலாக வளர்ந்த வரலாறு இப்பெயர்களில் படிந்துள்ளது எனக் கருத இடமுண்டு. கிராம்ரிஷ் வடமொழிச் சடங்கு நூல்களின்வழி அடைந்த கருதுகோள், அவர் கையாளாத தமிழ்ச் சான்றால் வலுப்பெறுகிறது.

அவருடைய ஆசிரியர் ஸ்ட்ரிகோவ்ஸ்கி, அழியும் பொருளான மரத்தால் ஆன கட்டடங்களைக் கலைவரலாறு புறக்கணித்துவிட்டது என வாதிட்டவர். அவருடைய பிற்கால இனவாதக் கருத்துகள் ஏற்கத்தக்கன அல்ல. ஆயினும், கல்லுக்குப் பின்னால் மறைந்த மரத்தைத் தேடும் பயிற்சி அவரிடமிருந்தே கிராம்ரிஷுக்கு வந்திருத்தல் கூடும்.

5. பொருளின் வரிசையும் பணியின் வரிசையும்

கருவறையிலிருந்து கோயில் விரிகிறது என்னும் கருத்தே கிராம்ரிஷின் கோட்பாட்டின் உயிர்நிலை. கட்டுமானக் கோயிலில் இக்கருத்தும் பணிமுறையும் ஓரளவு இணைந்து செல்கின்றன. நிலத்தில் மண்டலம் வகுத்து, கருப்பேழை வைத்து, தாங்குதளம் எழுப்பி, சுவரும் கூரையும் அமைத்து, இறுதியில் கலசம் ஏற்றுவர். கோயில் கீழிருந்து மேலாக வளர்கிறது.

மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகளில் இவ்வரிசை முற்றிலும் தலைகீழானது. சரிந்து இறங்கும் ஒரே பாறைத்தொடரில் திரௌபதி, அருச்சுனன், வீமன், தருமராசன் பெயர்களால் வழங்கும் நான்கு தளிகளும் செதுக்கப்பட்டன. பணி உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியது. தருமராச ரதத்தில் மேல்தளங்கள் நுட்பமாக முற்றுப்பெற்றிருக்க, அடித்தளப் பகுதி முடிவுறாமல் நிற்கிறது. அதன் மேல்தளக் கருவறையில் சோமாஸ்கந்தர் உருவம் உள்ளது. கீழ்த்தளமோ உட்குடைவு நிறைவுறாதது. வீம ரதத்திலும் உட்பகுதி முடிவுறவில்லை. சிற்பியின் உளி வெளியிலிருந்து உள்நோக்கியும், மேலிருந்து கீழ்நோக்கியும் சென்றது. கருவறை இறுதியில் உருவாக வேண்டியதாக இருந்தது. பலவற்றில் அது உருவாகவேயில்லை. கருப்பேழை வைத்து அதன்மேல் எழுப்பும் முறைக்கு இங்கு இடமே இல்லை.

இதைக் கொண்டு கிராம்ரிஷின் கோட்பாடு பொய்த்தது எனக் கூறிவிடலாமா? அவ்வாறு கூறுவது அவசர முடிவாகும். அவர் பேசுவது பொருளின் வரிசை. வழிபடுவோர் உணரும் கோயிலில் மூலம் உள்ளே இருக்கிறது, புறம் அதன் விரிவாக உள்ளது. உளி எந்தத் திசையில் சென்றாலும் இவ்வுணர்வு மாறுவதில்லை. தருமராச ரதத்தின் மேல்தளங்களிலுள்ள தெய்வ உருவங்கள் மாடங்களிலிருந்து வெளிவருவனபோல் நிற்பதை இக்கோட்பாடு நன்கு விளக்குகிறது. கால வரிசை ஆய்வு இதை விளக்குவதில்லை.

சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. கிராம்ரிஷ் பொருளின் வரிசையைக் கூறும்போது, பணியின் வரிசையும் அதுவே என்னும் எண்ணம் வாசகரிடம் உருவாகிறது. சிற்பியின் தொழில், பாறையின் இயல்பு, செய்வித்த மன்னனின் நோக்கம், பணி நின்றுபோன காரணம் ஆகிய அனைத்தும் தத்துவத்தின் பின்னே மறைந்துவிடுகின்றன. முடிவுறாத கோயில் ஒன்றை இக்கோட்பாட்டால் விளக்க இயலாது. ஏனெனில் அதில் கோயில் எப்போதும் நிறைவுற்ற உடலாகவே கருதப்படுகிறது. மாமல்லபுரமோ முடிவுறாப் பணிகளால் நிறைந்த இடம்.

நூலுக்கும் தொழிலுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். வாஸ்துபுருஷ மண்டலம் கட்டடத் திட்டத்தை உண்மையில் ஆண்ட கருவி என்னும் கருத்தைச் சோனித் பாஃப்னா 2000இல் வெளியிட்ட கட்டுரையில் கேள்விக்கு உட்படுத்தினார். மறுபுறம், ஆடம் ஹார்டி (1995) கோயிலின் சிறுகோயில் உறுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று வெளிப்பட்டு விரியும் முறையை, நூற்பொருளைச் சாராமல், கட்டடங்களின் வடிவ வளர்ச்சியைக் கொண்டே காட்டினார். கிராம்ரிஷின் உள்ளுணர்வில் பயனுள்ள பகுதி எது என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து தெளிவாக்குகின்றன. மண்டலம் என்னும் வரைவைவிட விரிவு என்னும் இயக்கமே நிலைத்து நிற்பது.

மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கிவரும் அரசு சிற்பக் கல்லூரியும், அங்கு நெடுங்காலம் பணியாற்றிய வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ போன்ற ஆக்கங்களும் தொழில்மரபைத் தமிழில் பதிவு செய்துள்ளன. கிராம்ரிஷ் மொழிபெயர்ப்புகளின்வழி அணுகிய இலக்கணத்தை, உளியும் நூலும் ஒருங்கே கையாளும் மரபினர் எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்னும் ஒப்பீடு இனிச் செய்யத்தக்கது.

6. பெரும்பாறைச் சிற்பம்

ஏறத்தாழ 29 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் எனக் கொள்வோரும், 1914இல் கொலுபியூ முன்வைத்த கங்கை இறங்குதல் என்னும் விளக்கத்தை ஏற்போரும் இன்றுவரை உளர். நடுப்பிளவில் நாகர்கள் மேல்நோக்கி எழுவதும், பிளவின் மேற்புறத்தில் நீரைத் தேக்கிவிட்டதற்கான தடயங்கள் சுட்டப்படுவதும் பின்னதற்குத் துணை. பத்மா கைமல் 1994இல், இரு பொருளும் ஒருங்கே தோன்றுமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்ட படைப்பு இது என வாதிட்டு, அதைப் பல்லவரின் அரசியல் உரிமையோடு இணைத்தார்.

கதை எது என்னும் இவ்விவாதத்தில், கதையைக் கல் எவ்வாறு சொல்கிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. அஜந்தா ஓவியங்களுக்குக் கிராம்ரிஷ் வகுத்த ‘வெளிவரல்’ என்னும் கருத்து இங்குப் பெரிதும் பொருந்துகிறது. இச்சிற்பத்துக்குச் சட்டகம் இல்லை. தொலைவு, அண்மை என்னும் ஆழவேறுபாட்டைக் காட்டும் பின்னணி இல்லை. தேவர், கந்தருவர், வேடர், முனிவர், சிங்கம், மான் ஆகிய அனைவரும் ஒரே பாறைப்பரப்பிலிருந்து பிளவை நோக்கித் திரண்டு வருகின்றனர். வலப்புறப் பேரியானைகள் பாறையின் திரட்சியையே தம் உடலின் திரட்சியாகக் கொண்டுள்ளன. பாறை பின்னணியாக நிற்கவில்லை. உருவங்களைத் தரும் மூலமாக நிற்கிறது. கதை எதுவாயினும், நீரின் வரவால் உயிர்கள் வெளிப்படும் நிகழ்வைக் காண்பவர் கண்முன் நிகழ்த்துவது இந்த வடிவமுறையே.

இங்கும் பணியின் வரிசையை மறத்தலாகாது. சிற்பத்தின் இடக்கீழ்ப் பகுதி முடிவுறாதது. இதே பொருளில் தொடங்கி முடிவுறாமல் விடப்பட்ட மற்றொரு சிற்பமும் மாமல்லபுரத்தில் உண்டு. அதைப் பெரும்பாறைச் சிற்பத்தோடு ஒப்பிட்டால், உருவங்கள் பாறையிலிருந்து வெளிவரும் தோற்றத்தில் சிற்பியின் கருத்து எவ்வளவு, பணியின் நிலை எவ்வளவு என்பதை வேறுபடுத்தலாம். வெளிவரல் என்பது தத்துவமாக மட்டுமன்றித் தொழில்நுட்பமாகவும் விளக்கம் பெறும். கிராம்ரிஷ் விட்ட இடத்திலிருந்து தமிழ் ஆய்வு தொடரத்தக்க புள்ளி இது.

7. பிற்காலத் திருப்பம்

1968இல் பிலடெல்பியாவில் கிராம்ரிஷ் அமைத்த கண்காட்சி, இந்தியப் பழங்குடியினர், சிற்றூர் மக்கள் ஆகியோரின் சடங்குக் கலையை முன்வைத்தது. வங்கத்துக் காந்தா துணித்தையல், சுடுமண் உருவங்கள், ஐயனார்க்கு நேர்ந்து வைக்கும் மண்குதிரை ஆகியவை கோயிற் சிற்பத்துக்கு நிகரான ஆய்வுப் பொருள்களாக அதில் மதிக்கப்பட்டன. நாட்டுப்புற ஆக்கங்கள் இனவரைவியல் அருங்காட்சியகத்துக்கே உரியவை எனக் கருதப்பட்ட காலத்தில் இது துணிவான நிலைப்பாடாகும்.

இத்திருப்பம் அவருடைய முந்தைய கோட்பாட்டுக்குத் திருத்தம் போன்றது. வடமொழி நூலின்றியும் வடிவத்துக்குப் பொருள் உண்டு, அப்பொருள் சடங்கிலும் செய்பவர் கையிலும் வாழ்கிறது என்பதை இது ஏற்கிறது. இப்பார்வையைத் ‘இந்துக் கோயில்’ நூலின் வாதங்களுக்குள் கொண்டுசென்றிருந்தால், திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லைத் தலசயனமும் சாளுவன்குப்பத்து முருகன் கோயிலும் கோயிற்கலை விளக்கத்தில் வேறொரு இடம் பெற்றிருக்கும். ‘சிவனின் இருப்பு’ நூலும் வேத, புராண மரபையே முதன்மையாகக் கொண்டது. தேவாரம் அதில் விளக்க மூலமாக அமையவில்லை. கோயிலை நேரில் கண்டு பாடிய சமகாலத்தவரின் தமிழ்ச்சொல், பிற்கால வாஸ்து நூல்களைவிடப் பல்லவர் கோயிலுக்கு நெருக்கமான சான்று என்பதைத் தமிழ் ஆய்வாளர்கள் வலியுறுத்த வேண்டியுள்ளது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. கருவறையின் மூலம் கல்திட்டை என்னும் கிராம்ரிஷின் கருதுகோளைச் செங்கல்பட்டுப் பகுதியின் தொல்லியல், கல்வெட்டு, இலக்கியச் சான்றுகள் ஏற்கவில்லை. குடில் பற்றிய கருதுகோளைத் திரௌபதி ரதமும் திருநாவுக்கரசர் கூறும் கோயிற்பெயர்களும் வலுப்படுத்துகின்றன. உள்ளிருந்து விரிதல் என்னும் கருத்து பொருள் விளக்கமாக நிற்கிறது. பணி விளக்கமாகக் கொள்ளும்போது மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகளின் முன் தடுமாறுகிறது. வெளிவரல் என்னும் கருத்து பெரும்பாறைச் சிற்பத்தை விளக்குவதில் இன்றும் ஆற்றலுடையது.

தமிழகக் கோயிற்கலை ஆய்வு இரு எல்லைகளுக்கிடையே சிக்கியுள்ளது. ஒரு புறம் மன்னர் பெயரும் ஆட்சியாண்டும் கண்டவுடன் நிறைவுறும் வரலாற்று முறை. மறுபுறம் எந்தக் கோயிலுக்கும் பொருந்தும் தத்துவச் சொற்களைக் கூறி அமையும் விளக்க முறை. முதலாவது கல்லைக் காண்பதில்லை. இரண்டாவது அக்கல் நிற்கும் நிலத்தைக் காண்பதில்லை. கிராம்ரிஷை மேற்கோளாக மட்டும் பயன்படுத்துவோர் அவரை இரண்டாவது எல்லைக்குள் அடைத்துவிடுகின்றனர். வடிவத்தைக் கூர்ந்து நோக்கிய அவருடைய கண்ணையும், சீனிவாசன் போன்றோரின் களச்சான்றையும், தேவார, திவ்வியப் பிரபந்தச் சொல்லையும் ஒருங்கே கொண்டு வாசிக்கும்போதுதான், மாமல்லைப் பாறைகளைச் செய்வித்தவர் யார் என்பதோடு அவை என்ன செய்கின்றன என்பதும் புலப்படும்.